தேக்கில் கட்டிய போர்க்கப்பல்கள்

மரக்கப்பலை உள்ளிருந்தே அழிப்பது பூஞ்சை. காற்றோட்டமில்லாத அடித்தளத்தில் ஈரம் தங்கி, விலாச்சட்டங்களும் குறுக்குத் தடுப்புகளும் இற்றுப்போகும். 1810-இல் வெள்ளோட்டம் கண்ட பிரிட்டனின் ‘குவீன் சார்லட்’ கடற்பணிக்குச் செல்லும் முன்பே உளுத்துப்போனது.

கப்பல் கட்டப் பயன்பட்ட ஓக் மரம் அருகியபோது பிரிட்டிஷ் கடற்படை பம்பாய்க் கப்பல்துறையை நாடியது. அங்கே பார்சி வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கப்பல் கட்டிவந்தனர். தேக்கின் எண்ணெய்ப்பசை பூஞ்சையையும் கரையானையும் எளிதில் அண்டவிடாது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்றுண்டு: ஓக்கின் துவர்ப்புச்சத்து இரும்பாணியை அரிக்கும், தேக்கில் ஆணி நிலைக்கும். ஆணி துருவேறினால் சுற்றியுள்ள மரமும் கெடும். தேக்குக்கு எழுந்த இந்தத் தேவை மலபார்க் காடுகளை வெறுமையாக்கியதையும் சொல்லியாக வேண்டும். 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டமே போட நேர்ந்தது.

1817-இல் பம்பாயில் கட்டப்பட்டு, திருகோணமலையின் பெயர் தாங்கிய ‘டிரிங்கோமலி’ இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.