பீங்கான் நுரை உற்பத்தி முறைகளின் வரலாறு (1963–2006)

ஆய்வுச் சுருக்கம்

பீங்கான் நுரையை உருவாக்க மூன்று முறைகள் கையாளப்படுகின்றன: எரிந்து மறையும் பொருளைக் களிமத்தில் கலத்தல், பஞ்சின் வடிவைப் படியெடுத்தல், குழம்பை நேரடியாக நுரைக்கச் செய்தல். இவற்றின் வரலாறு பெரும்பாலும் காப்புரிமை ஆண்டுகளின் வரிசையாகவே கூறப்படுகிறது. ஒரு முறை குறையுடையதாக இருந்தும் ஏன் நிலைத்தது என்னும் வினாவிற்கு அவ்வரிசையில் விடை இல்லை. படியெடுப்பு முறை நிலைபெற்றமைக்கு அலுமினிய வார்ப்புத் தொழிலின் தேவையே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: பீங்கான் நுரை, படியெடுப்பு முறை, பாலியூரித்தேன், உலோக வடிகட்டி, தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

இக்கட்டுரையில் ‘பீங்கான்’ என்னும் சொல் அலுமினா, சிலிக்கன் கார்பைடு முதலிய சுட்டு இறுக்கப்படும் பொருள்கள் அனைத்தையும் குறிக்கிறது. பீங்கான் தொழிலில் துளை என்பது பொதுவாக நீக்கப்பட வேண்டிய குறையாகவே கருதப்பட்டது. துளை மிகுந்தால் வலிமை குன்றும். எனினும் துளையையே பயனாகக் கொண்ட பொருள்களும் இருந்தன. 1884-இல் பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் சார்லஸ் சாம்பர்லாந்து உருவாக்கிய வடிகட்டி, மெருகிடாத பீங்கானின் நுண்துளைகளால் பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தியது. அத்துளைகள் துகள்களுக்கிடையே எஞ்சிய இடைவெளிகள், மிக நுண்ணியவை. ஆகவே நீர் அவற்றின் வழியே மெதுவாகவே கசிந்தது.

எரிந்து மறையும் பொருள்

துளையைப் பெரிதாக்க எளிய வழி, களிமண்ணில் மரத்தூள் போன்ற எரியும் பொருளைக் கலந்து சுடுவதாகும். தூள் எரிந்த இடம் துளையாகிறது. வெப்பங்காப்புச் செங்கல் தயாரிப்பில் இம்முறை பயன்பட்டுள்ளது. ஆனால் கலக்கப்படும் துகள்கள் ஒன்றையொன்று தொட்டிருந்தால்தான் துளைகள் தம்முள் இணையும். தொடாதவை தனித்தனி அறைகளாக நின்றுவிடும். வெப்பத்தைத் தடுக்க அது போதுமானது. பாய்மத்தை ஊடே செலுத்தப் போதாது.

பஞ்சின் படி

இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்தது, கார்ல் ஷ்வார்ட்ஸ்வால்டர், ஆர்தர் சோமர்ஸ் ஆகியோர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை (1963). அது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு உரியது. ஷ்வார்ட்ஸ்வால்டர் எஞ்சின் தீப்பொறிச் செருகிகளுக்கான பீங்கான் காப்பிகளை ஆராய்ந்தவர். அங்கு வேண்டப்பட்டது துளையற்ற செறிவு. துளையைக் குறையாகக் கண்ட அதே தொழிற்களத்திலிருந்தே துளையை ஆக்கும் முறையும் வந்தது என்பது கருதத்தக்கது.

இம்முறையில் திறந்த துளைகளுடைய பஞ்சு பீங்கான் குழம்பில் தோய்க்கப்படுகிறது. மிகுதிக் குழம்பு பிழிந்து நீக்கப்படுகிறது. பஞ்சின் நரம்புகள்மேல் மட்டும் பூச்சு எஞ்சுகிறது. உலர்த்தியபின் மெல்லச் சூடேற்றிப் பஞ்சு எரிக்கப்படுகிறது. பின்னர் உயர் வெப்பத்தில் பீங்கான் சுட்டு இறுக்கப்படுகிறது. துளைகளை இணைக்க வேண்டிய தேவை இங்கு இல்லை. பஞ்சிலேயே அவை இணைந்துள்ளன. இதற்கு ஏற்ற சீரான பஞ்சு மலிவாகக் கிடைத்தாக வேண்டும். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் தொடங்கிய பாலியூரித்தேன் வேதியியல், 1950-களில் நெகிழ்வான நுரைப்பஞ்சாகச் சந்தைக்கு வந்தது. எனவே பீங்கான் நுரையின் வரலாறு நெகிழி வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதது.

குறையும் தேவையும்

பஞ்சு எரிந்த இடம் ஒவ்வொரு நரம்பின் நடுவிலும் வெற்றுக் குழலாக எஞ்சுகிறது. எரியும்போது வெளியேறும் வாயு மெல்லிய சுவரில் விரிசலையும் உண்டாக்கும். இவ்வகை நுரை நொய்மையாக இருப்பதற்கு இவை முக்கியக் காரணங்கள். வலிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இம்முறை கைவிடப்பட்டிருக்க வேண்டும்.

மாறாக, 1970-களில் அதற்கு ஒரு தொழில் கிடைத்தது. உருகிய அலுமினியத்தில் ஆக்சைடு படலங்களும் பிற மாசுகளும் கலந்திருக்கும். மெல்லிய தகடாக உருட்டும்போது அவை கிழிசலை உண்டாக்கும். பிரையர், கிரே ஆகியோரின் பீங்கான் நுரை வடிகட்டிக்கான காப்புரிமை 1976-இல் வழங்கப்பட்டது. வளைந்து நெளிந்த பாதையில் உலோகம் செல்லும்போது, துளையைவிடச் சிறிய மாசுகளும் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இவ்வடிகட்டி ஒருமுறை பயன்படுத்தி நீக்கப்படுவது. ஒரு வார்ப்பு முடியும்வரை சூட்டையும் உலோகத்தின் எடையையும் தாங்கினால் போதும். நொய்மை இங்குத் தடையாகவில்லை. கண்டுபிடிப்புக்கும் இப்பயன்பாட்டுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுக்கும் மேற்பட்ட காலத்தைக் காப்புரிமை வரிசை மறைத்துவிடுகிறது.

நேரடி நுரைப்பு

வலிமை தேவைப்பட்ட பயன்பாடுகள் வேறு வழியை நாடின. குழம்பிலேயே காற்றுக் குமிழிகளை உண்டாக்கி, அவ்வமைப்பை உறையச் செய்து சுட்டால் நரம்பில் குழல் விழாது. ஆனால் குமிழிகள் உறையுமுன் ஒன்றுகூடிப் பெருத்து உடையும். கரிமச் சேர்மங்களைக் குழம்பிலேயே பலபடியாக்கி விரைந்து உறையச் செய்யும் முறையை 1999-இல் செப்பல்வேடா, பின்னர் ஆகிய இருவரும் விவரித்தனர். 2006-இல் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தின் கோன்சென்பாக் குழுவினர், பீங்கான் துகள்களையே குமிழிப் பரப்பில் படியச் செய்து நுரையை நெடுநேரம் நிலைநிறுத்தினர்.

முடிவுரை

நேரடி நுரைப்பு வந்தபின்னும் உலோக வடிகட்டித் தொழிலில் படியெடுப்பு முறை விலகவில்லை. எனவே இம்மூன்று முறைகளையும் ஒன்றையொன்று வென்ற படிநிலைகளாகக் காண்பது பொருந்தாது. துளை எதற்காக வேண்டப்பட்டது என்பதே முறையைத் தீர்மானித்தது. காப்புரிமை ஆவணங்களோடு, அப்பொருளைப் பயன்படுத்திய தொழிற்கூடங்களின் தேவைகளையும் சேர்த்து ஆராயும்போதே பொருள்சார் தொழில்நுட்ப வரலாறு முழுமை பெறும்.