உரலும் ஒப்பாரியும்: கல்லா கீச்சி மக்களின் நெல்லறிவுக்குச் சான்று எது?

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா, ஜார்ஜியா கடலோரங்களிலும் தீவுகளிலும் வாழும் கல்லா கீச்சி மக்கள், நெல் வயல்களுக்காக அடிமைகளாக இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள். 1708ஆம் ஆண்டளவிலேயே தெற்குக் கரோலினாவில் வெள்ளையர்களை விட ஆப்பிரிக்கர்களின் தொகை மிகுந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தைச் செல்வத்தில் திளைக்கவைத்தது அங்கிருந்து கப்பலேறிய அரிசி. அந்த நெல்லைப் பயிரிடும் அறிவு யாருடையது என்பதில் வரலாற்றாசிரியர்கள் அரை நூற்றாண்டாக வழக்காடி வருகிறார்கள். இந்த வழக்கில் எதைச் சான்றாகக் கொள்கிறோம் என்பதிலேயே பிழை நேர்ந்திருக்கிறது என்பது என் வாதம்.

கரோலினாவில் குடியேறிய ஆங்கிலேயருக்கு நெல் புதிது. அவர்களில் பலர் பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். செனகலிலிருந்து சியரா லியோன், லைபீரியா வரையிலான மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்திலோ, ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நெல் விளைந்தது. நைஜர் ஆற்றுப் படுகையில் ஆசிய நெல்லுக்குத் தொடர்பின்றித் தனியாகவே ஒரு நெல்லினத்தை மக்கள் பழக்கி எடுத்திருந்தார்கள். இவற்றை இணைத்துப் பார்த்த பீட்டர் வுட், 1974இல் வெளிவந்த தம் நூலில், கரோலினா நெல் வேளாண்மைக்கு ஆப்பிரிக்கர்கள் உடலுழைப்போடு அறிவையும் தந்திருக்க வேண்டும் என்றார். ஜூடித் கார்னி 2001இல் அதை விரித்து, மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு முழு வேளாண் முறையே கடல் கடந்தது என்று நிறுவ முயன்றார்.

மறுப்பு 2007இல் வந்தது. டேவிட் எல்டிஸ், பிலிப் மார்கன், டேவிட் ரிச்சர்ட்சன் ஆகிய மூவரும் அடிமைக் கப்பல்களின் பயணப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். நெல் விளையும் பகுதிகளைத் தேடி முதலாளிகள் ஆள் பிடிக்கவில்லை. கரோலினாவில் நெல் வேரூன்றிய தொடக்க ஆண்டுகளில் நெல் விளையும் ஆப்பிரிக்கப் பகுதிகளின் மக்கள் பெரும்பான்மையாக இல்லை என்றார்கள். அவர்களின் எண்கள் மதிக்கத்தக்கவை. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் சொல்லப்படாத ஓர் எடுகோள் இருக்கிறது. முதலாளி தேர்ந்தெடுத்து வாங்கியிருந்தால்தான் அறிவு வந்து சேர்ந்திருக்கும் என்பது அது. கப்பல் பதிவேடு ஆட்களை எண்ணுவதற்காக எழுதப்பட்டது. நெல் குற்றத் தெரிந்தவள் யார், மதகு கட்டத் தெரிந்தவன் யார் என்று அது கேட்கவே இல்லை. ஓர் ஊரில் நாற்பது பேருக்குத் தெரிந்த வேலையை நானூறு பேர் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்வார்கள். பெரும்பான்மை எதற்கு?

ஆகவே பதிவேட்டை மூடிவிட்டுக் கைவேலையைப் பார்க்க வேண்டும். கரோலினாவில் விதைநெல்லைக் களிமண் நீரில் புரட்டி, குதிகாலால் மண்ணில் அழுத்தி விதைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலும் இவ்வழக்கம் உண்டு. வயலுக்கு நீர் விடவும் வடிக்கவும் தொடக்கத்தில் வைத்த மதகு, உட்குடைந்து அடைப்பான் செருகிய மரத்தண்டு. மேற்கு ஆப்பிரிக்க அலையாத்திச் சதுப்பு வயல்களிலும் அத்தகைய மதகு உண்டு. உமி புடைக்கும் முறம், புல்லைச் சுருளாகச் சுற்றித் தைத்தது. கரோலினாப் பூர்வகுடிகளின் கூடைகளோ குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டவை. சார்ல்ஸ்டன் தெருவோரங்களில் இன்றும் பெண்கள் விற்கும் புல் கூடைகள் அந்தச் சுருள் முறத்தின் வழி வந்தவைதாம்.

எல்லாவற்றிலும் எனக்கு முதன்மையாகப் படுவது உரல். 1787இல் ஜானதன் லூக்கஸ் நீர்விசையால் இயங்கும் அரிசி ஆலையை அமைத்தார். அதற்கு முன், ஏற்றுமதியான அரிசியின் பெரும்பகுதி மர உரலில் உலக்கையால் குற்றப்பட்டது. உலக்கை பிடித்தவர்களுக்கு இதன் நுட்பம் தெரியும்: ஓங்கிக் குத்தினால் நொய், தயங்கினால் உமி போகாது. முழு அரிசிக்கே சந்தையில் நல்ல விலை. நொய்யும் குருணையும் அடிமைகளின் பானைக்குப் போயின. ஆப்பிரிக்க வீடுகளில் பெண்கள் அன்றன்றைக்கு வேண்டிய அளவு குற்றிய அந்தப் பக்குவம், இங்கே வயல்வேலை முடிந்த பின்னும் தொடரும் கொடும்பணியானது. அவர்களுடைய அறிவே அவர்களை வதைத்தது. ‘அறிவை வழங்கினார்கள்’ என்று பாராட்டுமொழியில் எழுதுகிறவர்களோடு நான் வேறுபடும் இடம் இது. ஒருவரும் எதையும் வழங்கவில்லை, பறித்துக்கொண்டார்கள்.

கார்னியின் வாதத்திலும் மிகை உண்டு. கரோலினாவின் பெயர்பெற்ற பொன்னிற நெல் ஆசிய இனம். ஓதநீர் வயல்களின் பெருங்கரைகளில் ஐரோப்பியப் பொறியியலின் பங்கும் இருக்கலாம். முழு முறையும் அப்படியே பெயர்ந்து வந்தது என்று வற்புறுத்த வேண்டியதில்லை. எடா ஃபீல்ட்ஸ்-பிளாக் 2008இல் காட்டிய வழி இன்னும் நம்பகமானது. இன்றைய கினி நாட்டின் நூனெஸ் ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மொழிகளில் உப்பு, சதுப்பு, நெல் பற்றிய சொற்களை ஒப்பிட்டு, எழுத்து ஆவணம் இல்லாத காலத்து உழவை அவர் மீட்டெடுத்தார்.

சொல்லைச் சான்றாகக் கொள்ளும் இந்த வழியைக் கல்லா மக்களிடையே முதலில் திறந்தவர் லோரென்சோ டவ் டர்னர். அவர்களுடைய பேச்சைச் சிதைந்த ஆங்கிலம் என்று அறிஞர்கள் ஒதுக்கிய காலத்தில், தீவு தீவாகச் சென்று ஒலிப்பதிவு செய்தார். ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களையும் பெயர்களையும் 1949இல் நூலாக்கினார். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் குடியிருப்பில் அமீலியா டாலி என்ற பெண் அவருக்கு ஒரு பாட்டுப் பாடினார். பாடியவருக்கே பொருள் தெரியாது. அது சியரா லியோனின் மெண்டே மொழி என்பது பின்னர் தெரிந்தது. 1990இல் ஜோசப் ஓபாலா, சிந்தியா ஷ்மிட், டாசீஃப் கொரோமா ஆகிய ஆய்வாளர்கள் சியரா லியோனின் ஒரு கிராமத்தில் அதே பாட்டைப் பாடிய பைண்டு ஜபாட்டியைக் கண்டார்கள். அது புதைகுழியருகே பெண்கள் நடத்தும் சடங்கின் பாட்டு, பாட்டியிடம் கற்றது. அமீலியாவின் மகள் மேரி மோரனும் தாயிடமிருந்து கற்று அதை நினைவில் வைத்திருந்தார். 1997இல் அவர் கடல் கடந்து ஜபாட்டியின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

எந்தக் கப்பல் பதிவேட்டிலும் இல்லாத ஒப்பாரி, பொருள் மறந்த பின்னும், தாய்-மகள் வழியாக ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நிலைத்தது. அப்படியிருக்க, நாள்தோறும் பயன்பட்ட உலக்கைப் பக்குவமும் முறம் தைக்கும் கையும் கடல் கடந்திருக்காது என்று சொல்பவர்கள்தான் சான்று காட்ட வேண்டும்.

2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் வட கரோலினா முதல் ஃபுளோரிடா வரையிலான கடலோரத்தைக் கல்லா கீச்சி பண்பாட்டு மரபுத் தடமாக அறிவித்தது. அறிவிப்பை வரவேற்கிறேன். ஆனால் அமீலியா பாடிய ஹாரிஸ் நெக் நிலத்தை, போர் விமானத்தளம் அமைக்க 1942இல் அரசு எடுத்துக்கொண்டு, அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்களை வெளியேற்றியது. போர் முடிந்த பின்னும் நிலம் அவர்களிடம் திரும்பவில்லை. 1962இல் அது காட்டுயிர்ப் புகலிடமாயிற்று. அந்த மக்களின் முன்னோர் புதைக்கப்பட்ட கூல்ட் இடுகாடு இன்று அந்தப் புகலிட எல்லைக்குள் இருக்கிறது.