எடிசனின் கான்கிரீட் மேஜை நாற்காலிகள்: ஊற்றுவது சுலபம், கழற்றுவது?

எடிசன் என்றதும் நமக்கு பல்புதான் ஞாபகம் வரும். மனிதர் சிமெண்ட் கம்பெனியும் நடத்தினார் தெரியுமா? 1923-ல் திறந்த நியூயார்க் யாங்கி ஸ்டேடியம் அவருடைய சிமெண்டில் எழுந்ததுதான்.

கையில் சிமெண்ட் இருந்தால் சும்மா இருப்பாரா! வீட்டையே ஒரே வார்ப்பாக ஊற்றும் முறைக்கு 1908-ல் காப்புரிமை கேட்டார் (கிடைத்தது 1917-ல்). 1911-ல் அடுத்த அறிவிப்பு. வீட்டுச் சாமான்களும் கான்கிரீட்டில்தானாம்! எவ்வளவு உறுதி என்று காட்ட கான்கிரீட் ஃபோனோகிராஃப் பெட்டிகளை ஊர் ஊராக அனுப்பி வரவழைத்தார். நியூயார்க் கண்காட்சியில் வைப்பதாகப் பேச்சு. வைக்கவே இல்லை. வழியில் உடைந்ததோ என்னவோ...

எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு சுவாரசியம் அச்சுதான்.

கான்கிரீட் இறுகும்போது சிமெண்ட் பால் அச்சின் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் புகுந்து பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் எண்ணெய். நம்மூரில் சென்ட்ரிங் ஷீட்டில் பழைய இன்ஜின் ஆயில் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கறை பட்டால் பூசி மறைத்துவிடலாம். மேஜைக்கு அந்த வசதி இல்லை, அச்சிலிருந்து வரும் முகமே கடைசி முகம். எண்ணெய் அதிகமானால் கறையும் ஊசித் துளைகளும். குறைந்தால் மேல்தோல் அச்சோடு உரிந்து போகும். கொழுப்பு அமிலம் கலந்த எண்ணெய் என்றால், அது கான்கிரீட்டின் சுண்ணாம்போடு சேர்ந்து மெல்லிய சோப்புப் படலமாகிவிடும். பொருள் வழுக்கிக்கொண்டு வரும். அழகான கெமிஸ்ட்ரி!

ஆனால் வடிவம் தப்பாக இருந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. பக்கச்சுவருக்கு லேசான சரிவு வேண்டும். உள்வாங்கிய வளைவோ பூவேலையோ இருந்தால் அச்சைத் துண்டு துண்டாகத்தான் பிரிக்க முடியும். எடிசனின் வீட்டு அச்சில் சுமார் 2,300 துண்டுகள்! முதல் வீட்டை ஊற்றுமுன்பே காண்ட்ராக்டர் சாதனங்களுக்கு 1,75,000 டாலர் போட வேண்டும். பி.காம் படிக்கும் எனக்கு இது பக்கா ஃபிக்ஸட் காஸ்ட் கணக்கு. சிமெண்ட் மலிவுதான், அச்சு மலிவில்லையே. மேஜை நாற்காலிகளும் எடுபடவில்லை.

1954-ல் ஸ்விட்சர்லாந்தின் வில்லி கூல், எடெர்னிட் நிறுவனத்துக்காக ஒரு நாற்காலி செய்தார். ஈரமான ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகட்டை அச்சின்மேல் வளைத்து, இரு நுனிகளையும் இணைத்தார், அவ்வளவுதான். காலில்லை, மூலையில்லை, இரண்டு பக்கமும் திறப்பு. அச்சை விழுங்கிக்கொள்ள அதில் இடமே இல்லை. அது நன்றாக விற்றது. பின்னாளில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கலவையில், அடியில் முட்டு வைத்து மறுபடியும் வந்தது.