மின்கிட்டாரின் மாற்றுக் கழுத்து

மின்கிட்டாரின் கழுத்து, இடக்கை விரல்கள் தந்தியை அழுத்தும் நீண்ட பாகம். 1950-இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் அதை ஒட்டாமல், நான்கு ஸ்க்ரூக்களால் உடலோடு முடுக்கி விற்கத் தொடங்கியது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படித்தான். தேய்ந்ததையோ முறுக்கிக்கொண்டதையோ கழற்றிவிட்டு வேறு கழுத்தைப் பூட்டும் வழக்கம் இதனால் பரவியது. தஞ்சாவூர் ஒட்டு வீணையிலும் குடமும் தண்டியும் தனித்தனியே செய்யப்படுகின்றன. ஆனால் அங்கே ஒட்டியது ஒட்டியதுதான். மாற்றுக் கழுத்து வாங்குவோர் பலரும் என்ன மரம் என்றே முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது அளவு. மரம் கடைசிக் கேள்வி.

தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் உடலில் நிலையாக இருக்கிறது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகள்தாம் அதற்கு ஒத்துவர வேண்டும். ஃபெண்டர் வகையில் கழுத்தின் தலைப்பக்கத் தாங்கியான நட் முதல் பிரிட்ஜ் வரை 648 மி.மீ.; 12-ஆவது ஃபிரெட் அதன் சரிபாதியில், 324 மி.மீ.இல் விழும். இந்தக் கணக்குத் தவறினால் மேலே போகப் போகச் சுருதி விலகும். எவ்வளவு உயர்ந்த மரமும் அதைத் திருத்தாது. கிப்சன் நிறுவனத்தின் அளவான 628 மி.மீ. கழுத்தையும் ஃபெண்டர் உடலில் பூட்டுகிறார்களே என்று கேட்கலாம். அதற்கென்றே விற்கும் கன்வெர்ஷன் கழுத்தில் பிரிட்ஜின் இடத்தைக் கணக்கிட்டு ஃபிரெட்டுகளை நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். ஆக அதுவும் அளவுக்கே சாட்சி. உடலின் குழியில் உட்காரும் கழுத்தின் அடிப்பகுதி சுமார் 56 மி.மீ. அகலம். ஃபெண்டரின் டெலிகாஸ்டரில் அதன் முனை சதுரம், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வளைவு.

மரம் நாதத்தை மாற்றாதா என்பது நியாயமான ஆட்சேபம். மாற்றவே மாற்றாது என்று சொல்ல முடியாது. ஆனால் மின்கிட்டாரில் ஒலி பிறப்பது தந்திகளுக்கு அடியிலுள்ள பிக்கப்பின் காந்தப்புலத்தில் உலோகத் தந்தி அசைவதால். பிக்கப்பின் உயரத்தைச் சற்றுத் திருகினாலே காது வேறுபாட்டைப் பிடித்துவிடும். உலகெங்கும் ஃபிரெட்டுகள் பதிக்கும் பலகையான ஃபிரெட்போர்டாகப் போகும் இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம். 2017-இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் அதன் வணிகத்தைக் கட்டுப்படுத்தியதும் ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்கள் பலவற்றில் பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறியது. வாசிப்போர் கிட்டாரைக் கீழே வைத்துவிடவில்லை. கமகம் வாசிப்போருக்கு மரத்தைவிட ஃபிரெட்போர்டின் வளைவு முக்கியம். 184 மி.மீ. ஆரமுள்ள பழைய வளைவில், தாழ்வாக வைத்த தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அது மேல் ஃபிரெட்டில் உரசிச் செத்துவிடும். 305 மி.மீ. அல்லது அதைவிடத் தட்டையானது தேவலை.

பூட்டும் வேலையில் அவசரம்தான் எதிரி. இரு ஓரத் தந்திகளின் வழியே நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு நூலை விறைப்பாகக் கட்டி, ஃபிரெட்போர்டின் இரு விளிம்புகளிலிருந்தும் ஒரே இடைவெளி வரும்வரை கழுத்தை நகர்த்திப் பார்த்த பிறகே துளைக்குக் குறி போட வேண்டும். கழுத்தில் துளை சுமார் 3 மி.மீ. போதும். உடலின் துளையிலோ ஸ்க்ரூ தடையின்றி நுழைய வேண்டும். அங்கும் மரை பிடித்தால் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். தந்தி உயரம் படியவில்லை என்றால் குழியில், பிரிட்ஜை நோக்கிய முனையில், மெல்லிய தகடு செருகுவார்கள். 76 மி.மீ. நீளக் குழியில் கால் மி.மீ. தகடு, பிரிட்ஜ் அருகே முக்கால் மி.மீ.க்கும் கூடுதலான வேறுபாட்டைத் தரும்.

மரத்தின் உண்மையான சோதனை பருவம். சேலம் சமவெளியின் சித்திரை வெயிலில் ஃபிரெட்போர்டு குறுக்குவாட்டில் சுருங்க, ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டி விரலைக் கீறும். ஐப்பசி ஈரத்தில் கழுத்தின் வளைவு மாறும். எனவே உள்ளே வளைவைத் திருத்தும் கம்பியான டிரஸ் ராட் இல்லாத கழுத்து, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முழுச் சுருதி ஏற்றி ஒரு நாள் விட்டு, முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பார்த்தால், 7-ஆவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் சந்து போதும். கூடினாலும் குறைந்தாலும் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது.