பாடி இல்லாமல் வந்த வண்டி

1908 அக்டோபரில் ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரை விற்க ஆரம்பித்தது. சாமானியருக்கான வண்டி என்று பெயர் வாங்கியது. ஆனால் அதன் முதல் விலைப்பட்டியலிலேயே சீமான்களுக்கும் ஓர் இடம் இருந்தது. திறந்த டூரிங் கார் 850 டாலர், பின்கூரை மடங்கும் லாண்டாலெட் 950, டவுன் கார் 1,000. மூன்றுக்கும் அதே 20 குதிரைச் சக்தி எஞ்சின், அதே சேசிஸ். கூடுதல் பணம் முழுக்க மேலே கட்டிய பாடிக்குத்தான்.

டவுன் காரில் முதலாளி பின்னால், கண்ணாடி போட்ட அறைக்குள். டிரைவர் வெளியே, காற்றிலும் மழையிலும். நம் கரிசல் சீமையில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வசதியான வீடுகளின் வில்வண்டியிலும் இதே ஏற்பாடுதான்: கூண்டுக்குள் வைக்கோல் மெத்தையில் குடும்பம், முகப்பில் வெயிலில் வண்டிக்காரர். ஐரோப்பியக் குதிரைக் கோச்சிலிருந்து அந்த அந்தஸ்து அப்படியே மோட்டாருக்கு ஏறியது.

ஆனால் ஃபோர்டு வண்டியில் அந்த அந்தஸ்து எடுபடவில்லை. 1909 கணக்கில் பத்தாயிரத்துச் சொச்சம் வண்டிகளில் டவுன் கார் 236, லாண்டாலெட் 298. சம்பளத்துக்கு டிரைவர் வைக்க முடிந்தவர் ஃபோர்டு வாங்குவானேன்? ஃபோர்டு வாங்கியவர் தானே ஓட்டினார். டவுன் கார் வாடகைக் காராகவும் ஓடிப் பிழைத்தது. 1917-ல் டூரிங் 360 டாலருக்கு இறங்கியிருக்க, டவுன் கார் 595-ல் நின்றது. அடுத்த ஆண்டோடு அதன் கதை முடிந்தது. டிரைவரையும் உள்ளே உட்கார வைத்த செடான் அந்த இடத்தைப் பிடித்தது. ஒருவரை மழையில் நிறுத்தி இன்னொருவருக்குக் கௌரவம் சேர்த்த அந்த அமைப்பு ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

அதே 1917-ல் ஃபோர்டு இன்னொன்றையும் விற்றது. ஒரு டன் பாரம் தாங்கும் மாடல் டிடி. விலை 600 டாலர், கிட்டத்தட்ட டவுன் காரின் விலை. பாடி கிடையாது, வெறும் சேசிஸ். மேலே என்ன கட்டுவது என்பது வாங்கியவர் பாடு.

நம் கரிசலுக்குப் பொருந்தியது இந்த வழிதான். சித்திரை வெயிலில் கண்ணாடி அறைக்குள் யார் உட்காருவார்? ஒரு மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அங்கே வேண்டியது உயரமான அச்சும் குறைந்த எடையும். அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1960-களில். அதுவரை பருத்தியும் நூலும் தறித்துணியும் ஆட்களும் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) ரயிலடிக்குப் போக ரோடு ஒன்றே வழி. முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார்.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு ஃபோர்டு வண்டிகள் கனடாவிலிருந்து வந்தன. 1926-ல் ஃபோர்டு இந்தியாவிலேயே கம்பெனி தொடங்கியது. சென்னையிலும் பாகங்களைப் பூட்டி வண்டிகளை உருவாக்கினார்கள். சென்னை மாகாணத்தில் பஸ் விட்ட சிறு முதலாளிகள் சேசிஸை வாங்கி உள்ளூர்ப் பட்டறையில் பாடி கட்டினார்கள். மரச்சட்டம், அதன்மேல் தகரம், உள்ளே பலகை பெஞ்சு. இந்தக் கைத்தொழில் புதிதல்ல. 1840-ல் குதிரைக் கோச்சு கட்டத் தொடங்கிய சென்னை சிம்சன் கம்பெனி 1905-லேயே நீராவி பஸ் செய்துவிட்டது. சீமான் கோச்சுக்கு இழைத்த அதே மரவேலை, பத்துப் பதினைந்து பேரை ஏற்றும் வண்டிக்கு இறங்கி வந்தது. டவுன் காரின் கண்ணாடி அறையைவிட இந்தப் பலகை பெஞ்சுதான் எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

அந்த முறை இன்னும் விட்டுப்போகவில்லை. நம் தனியார் பஸ்களில் பல இன்றைக்கும் கரூர்ப் பட்டறைகளுக்கு வெறும் சேசிஸாகத்தான் போகின்றன. சீட்டு எத்தனை, ஜன்னல் எப்படி, படி எங்கே என்பதை அங்கே பஸ் முதலாளி சொல்ல, பாடி கட்டுகிறவர்கள் அளவெடுக்கிறார்கள்.