சிறுவர் படநூல் ஆக்கம்

சிறுவர் படநூல் என்பது படமும் சொல்லும் சரிபங்காக நின்று கதை சொல்லும் நூல். பெரும்பாலும் 16, 24 அல்லது 32 பக்கங்களில் அமையும். எழுத்துக் கூட்டத் தொடங்காத பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் வாசித்துக் காட்டுவதற்கும், எழுத்தறிந்த பிள்ளை தானே வாசிப்பதற்கும் உரியது. சாதாரணக் கதை நூலில் இடையிடையே வரும் படங்கள் நிகழ்ச்சியை அலங்கரிக்கும். அவற்றை நீக்கினாலும் கதை நிற்கும். படநூலில் படத்தை நீக்கினால் கதை நில்லாது. கட்டங்களும் பேச்சுக் குமிழிகளும் கொண்ட சித்திரக்கதையிலிருந்தும் (காமிக்ஸ்) இது வேறானது. தமிழில் இவ்வடிவம் உருவான வரலாறும், இதை எழுதி வரையும் முறையும், இயன்ற இடங்களில் மதுரை வட்டாரச் சான்றுகளோடு இங்குக் கூறப்படுகின்றன.

முன்வடிவங்கள்

படங்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் கீழே சுருக்கமாகச் சொல்லெழுதிக் கதை கூறும் முறை தமிழகத்தில் அச்சு நூல்கள் பரவுவதற்கு முந்தியது. இதற்குச் சிறந்த சான்றுகள் நாயக்கர் காலச் சுவரோவியங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சூழ்ந்த மண்டபச் சுவர்களில் சிவபெருமானின் திருவிளையாடற் காட்சிகள் தீட்டப்பட்டிருந்தன. அக்குளத்தின் மேற்கே உள்ள ஊஞ்சல் மண்டப விதானத்தில், 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் காலத்து ஓவியங்களில் மீனாட்சி திருக்கல்யாணமும் அரசியின் உருவமும் உள்ளன. மதுரைக்கு வடக்கே அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் இராமாயணம் காட்சி காட்சியாக வரையப்பட்டுள்ளது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை பட்டை பட்டையாக நீண்டு செல்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்க வரி உண்டு. அங்கு வரைந்த சிங்காதனம் என்னும் ஓவியர் தம் பெயரையும் எழுதி வைத்துள்ளார்.

இவ்வோவியங்களில் இன்றைய படநூலின் இலக்கணம் ஏறக்குறைய முழுமையாகவே இருக்கிறது. கதைத்தலைவன் ஒரே பட்டையில் பலமுறை வருவான். நிறமும் அணியும் மாறாததால் பார்ப்பவர் அவனை உடனே அடையாளம் காண்பர். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதை மரம், தூண், மண்டபம் ஆகியவற்றில் ஒன்று காட்டும். கீழே உள்ள வரி, இன்னார் இன்னது செய்தது என்ற அளவில் நின்றுவிடும். துக்கம், வேகம், கூட்டம் முதலியவற்றைப் படமே சொல்லும். கோயிலுக்கு வந்த எழுத்தறியாப் பிள்ளைக்கு, வரியை வாசித்துக் கதையை விரித்துச் சொல்லப் பெரியவர் ஒருவர் உடனிருந்தார். மடியில் பிள்ளையை வைத்துப் படநூல் வாசிப்பதும் இம்முறையே.

ஐரோப்பாவில் கல்வியாளர் கொமேனியஸ் 1658-இல் நூரெம்பெர்கில் வெளியிட்ட படப் பாடநூல், சிறுவருக்கான முதல் படநூல் எனக் குறிக்கப்படுகிறது. அச்சு நுட்பம் அங்கிருந்து தமிழகத்துக்கு வந்தது. படத்தாலும் வரியாலும் கதை சொல்லும் முறை இங்கே முன்பே வேரூன்றியிருந்தது. ஆகவே தமிழ்ப் படநூலை மேலைநாட்டு வடிவம் என்று மட்டும் கூறுவது பொருந்தாது.

சுவருக்கும் நூலுக்கும் இடையில் பாலமாக நின்றவை பெரிய எழுத்துக் கதை நூல்கள். விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை முதலியன பருத்த எழுத்தில், கட்டை அச்சுப் படங்களுடன், மலிவு விலையில் சென்னை அச்சகங்களிலிருந்து வெளிவந்து திருவிழாக் கடைகளில் விற்றன. இவை சிறுவருக்கென்றே செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் வீட்டுத் திண்ணையில் உரக்க வாசிக்கப்பட்டபோது முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்கள் சிறுவர்களே.

இதழ்களும் அச்சகங்களும்

நாகர்கோவிலிலிருந்து 1840-இல் வந்த பாலதீபிகை தமிழில் சிறுவருக்கான முதல் இதழாகக் கொள்ளப்படுகிறது. படத்துக்குச் சொல்லுக்கு இணையான இடம் கிடைத்தது அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்தே. 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அம்புலிமாமாவில் கதைப் பக்கந்தோறும் படம் இருந்தது. சித்ரா, சங்கர் முதலிய ஓவியர்கள் அங்கேயே பணியாற்றி வரைந்தனர். சங்கர் எனப்பட்ட கே. சி. சிவசங்கரன் (1924–2020), வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர். அந்த உருவமே பல தலைமுறைகளின் நினைவில் விக்கிரமாதித்தனாக நிலைத்துவிட்டது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) 1950-இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கத்தின் வழியே சிறுவருக்கு எழுதுவோரை ஒன்றுதிரட்டினார். 

நூல் வடிவில் வண்ணப் படநூல்கள் இரு வழிகளில் பரவின. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிடப்பட்டு, 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் விற்பனையான சோவியத் நூல்கள் ஒன்று. 1957-இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை மற்றொன்று. இரண்டும் குறைந்த விலையில் தரமான ஓவியத்தைச் சிற்றூர்ப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுசேர்த்தன.

மதுரைக்குத் தெற்கே, தீப்பெட்டிச் சீட்டுகள் அச்சிடத் தொடங்கி வளர்ந்த சிவகாசி, நாட்காட்டி, நோட்டு அட்டை, பாடநூல் என எல்லாவற்றையும் அச்சிடும் நகரமாயிற்று. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் இவ்வச்சகங்களின் வழியே வீடுதோறும் சென்றன. தென்மாவட்டப் பிள்ளைகள் பலர் முதலில் பார்த்த வண்ண ஓவியம் அந்த நாட்காட்டிப் படமே.

ஆக்க முறை

படநூல் எழுத்தில் முதல் வேலை கதையைப் பக்கங்களாகப் பிரிப்பது. அச்சகத்தில் ஒரு பெரிய தாளை இருபுறமும் அச்சிட்டு மடிக்கும்போது 8 அல்லது 16 பக்கங்கள் கிடைக்கும். இதை ஃபாரம் என்பர். பக்க எண்ணிக்கை எட்டின் மடங்காக அமைவதற்கு இதுவே காரணம். 16 பக்க நூலில் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போக, எதிரெதிரே விரியும் இரட்டைப் பக்கங்கள் ஆறோ ஏழோ கதைக்கு எஞ்சும். எழுத்தாளரும் ஓவியரும் வெள்ளைத்தாளை மடித்து டம்மி (மாதிரி நூல்) செய்து, எந்தப் பக்கத்தில் எது நிகழ்கிறது என்று கோட்டோவியமாகக் குறித்துப் பார்ப்பர்.

மதுரை ஆரப்பாளையம் பகுதியில் உள்ள புட்டுத்தோப்பில் ஆவணி மூலத் திருவிழாவின்போது நினைவுகூரப்படும் மண் சுமந்த திருவிளையாடலைக் கொண்டு இதை விளக்கலாம். வைகை கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு விற்கும் வந்திக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெறும் உடன்பாட்டில் சிவபெருமானாகிய சொக்கநாதரே கூலியாளாக வருகிறார். வேலை செய்யாமல் ஆடிப்பாடித் தூங்குகிறார். அரசன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது.

எழுத்தாளரின் முதல் வரைவில் வந்தி வயதானவள், ஏழை, தனியே வாழ்பவள், அவள் குடிசை ஆற்றோரம் இருந்தது என நான்கு வாக்கியங்கள் இருக்கும். ஓவியர் குடிசையையும் நரைத்த தலையையும் ஒற்றைப் பாயையும் வரைந்துவிட்டால் அந்நான்கும் தேவையில்லை. எஞ்ச வேண்டியவை படத்தால் காட்ட முடியாதவை: வந்தி என்னும் பெயர், அரசாணையின் சொற்கள், கூலிப் பேச்சு. பிரம்பை ஓங்கிய அரசனின் கை வலப்பக்க ஓரத்தில் நிற்கவேண்டும்; அடி விழுவது அடுத்த தாளில். தாளைப் புரட்டும் அந்தக் கணத்தில் பிள்ளை மூச்சடக்கிக் காத்திருக்கும். புரட்டியதும் இரட்டைப் பக்கம் முழுவதும் சொல்லே இல்லாமல் அரசன், அமைச்சன், குதிரை, கடைக்காரி, தொட்டிலில் கிடக்கும் சிசு என எல்லோரும் முதுகில் அடிபட்டுத் துடிப்பதைக் காட்டினால் போதும். அவ்விடத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தாலும் படத்தின் வலு குறையும். எழுத்தில் இடம்பெறாத ஒரு பூனையைப் பக்கந்தோறும் பிட்டுத் தட்டருகே ஓவியர் உலவவிட்டால், பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தனக்கென ஒரு கதை சொல்லிக்கொள்ளும்.

சொற்களைக் குறைத்த பின் உரக்க வாசித்துப் பார்ப்பது இன்றியமையாதது. தமிழில் வினைமுற்று நீள்வது இயல்பாதலால், ‘சுமந்துகொண்டிருந்தான்’ என்பதைவிடச் ‘சுமந்தான்’ என்பது நாவுக்கும் பக்கத்துக்கும் ஏற்றது. பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களே கொள்ளும். வரியிறுதியில் சொல்லை உடைத்தால் எழுத்துக்கூட்டும் பிள்ளை தடுமாறும். மடமட, சலசல போன்ற இரட்டைக்கிளவிகள் வாசிப்பவரின் குரலுக்கு உயிரூட்டும். பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா என்ற வினாவுக்கு, உரையாடலில் அந்தந்த வட்டாரப் பேச்சும் கதைகூறலில் எளிய எழுத்துநடையும் கையாளப்படுவதே முறை.

ஓவியர் முதலில் பாத்திரங்களைப் பல கோணங்களில் வரைந்து உருவத்தை உறுதிசெய்வார். அடுத்து ஒவ்வோர் இரட்டைப் பக்கத்திலும் சொல்லுக்குரிய வெற்றிடத்தை ஒதுக்குவார். பைண்டிங் மடிப்பில் முகமோ கையோ சிக்காமலும், கட்டிங்கில் ஓரம் வெட்டுப்பட்டாலும் படம் கெடாமலும் பார்ப்பார். பல மொழிகளில் ஒரே நேரத்தில் வெளிவரும் நூலில் வண்ண பிளேட்டுகள் (அச்சுத் தகடுகள்) எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்க, கறுப்பு பிளேட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவர். இதனால் சொற்கள் கறுப்பில் மட்டுமே அமையும். வெற்றிடமும் இடத்தை அதிகம் எடுக்கும் மொழிக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட் நூல்களும், சென்னையில் ராதிகா மேனன் 1996-இல் தொடங்கிய துளிகா பதிப்பகம் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் வெளியிடும் நூல்களும் பன்மொழிப் படநூலுக்கு முன்னோடிகள்.

கையச்சு

கீதா உல்ஃப் 1994-இல் சென்னையில் தொடங்கிய தாரா பதிப்பகம் கையச்சுப் படநூலை உலகறியச் செய்தது. பருத்திக் கழிவிலிருந்து செய்த கைத்தாளில், திரையச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் திரை வைத்து, மை பூசி, உலர்த்தி, மீண்டும் அடுத்த நிறத்துக்கு அதே தாளை வைப்பர். மூன்று நிறம் என்றால் ஒவ்வொரு தாளும் மூன்று முறை கைமாறும். பின் கையாலேயே தைப்பர். ஒரு திரை இம்மியளவு நகர்ந்தாலும் நிறங்கள் பொருந்தாமல் போகும். ஆதலால் இங்கே அச்சிடுபவரும் ஒரு கலைஞரே.

இங்கு வெளியான மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய நூலில் (2006) மத்தியப் பிரதேசக் கோண்டுப் பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகியோரின் ஓவியங்கள் கறுப்புத் தாளில் அச்சாயின. அந்நூல் 2008-இல் இத்தாலியின் பொலோனா சிறுவர் நூற்சந்தையில் விருது பெற்றது. அனுஷ்கா ரவிசங்கர் எழுத, புலக் பிஸ்வாஸ் கறுப்பு, ஆரஞ்சு ஆகிய இரு நிறங்களில் மட்டும் வரைந்த புலிக் கதை 1999-இல் பிராட்டிஸ்லாவா ஓவியக் கண்காட்சியில் பரிசு பெற்றது. நிறம் கூடினால் நூல் சிறக்கும் என்ற எண்ணத்தை அந்நூல் பொய்யாக்கியது.

எழுத்தாளரும் ஓவியரும்

எழுத்து முடிந்தபின் ஓவியரைத் தேடுவது வழக்கமான முறை. இதில் ஓவியர் சொன்னதை வரைபவராக நின்றுவிடும் ஆபத்து உண்டு. இருவரும் டம்மியிலிருந்தே சேர்ந்து உழைப்பது இரண்டாம் முறை. படம் முதலில் பிறந்து, ஓவியர் வாய்மொழியாகச் சொன்னதிலிருந்து எழுத்து பின்னர் அமைவது மூன்றாம் முறை. மேற்கூறிய மர நூல் இவ்வகை. மூன்றிலும் சிறந்தது இரண்டாவது. மதுரை வட்டார ஓவியர்களுக்கு ஒரு சான்று டிராட்ஸ்கி மருது. மதுரையில் 1953-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர், இதழோவியம், அசைவூட்டம், திரைப்படம் ஆகியவற்றுடன் சிறுவர் படநூலுக்கும் வரைந்தவர். தென்தமிழகச் சுவரோவிய மரபையும் நவீனக் கோட்டோவியத்தையும் இணைத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

இன்றைய நிலை

2015-இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படநூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சிறு படநூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியுள்ளது. மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவருக்கெனத் தனிப்பகுதி உண்டு.

படநூலில் ஓவியரும் நூலாசிரியரே. அட்டையிலும் நூலகப் பட்டியலிலும் எழுத்தாளர் பெயரின் பக்கத்திலேயே ஓவியர் பெயரும் இடம்பெறவேண்டும். பதிப்பாளரும் நூலகரும் ஆசிரியரும் இதைத் தவறாது கைக்கொள்ள வேண்டும்.