ஆகாய ஏடும் உருப்படாத ஆசிரியனும்

2017 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 12 பகுதிகளாக வந்த ஓர் அனிமே தொடரின் பெயரில் நமக்கு அணுக்கமான சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஹிட்சுஜி தாரோ 2014இல் தொடங்கிய நாவல் வரிசையைத் தழுவியது அது. தலைப்பைத் தமிழில் 'உருப்படாத மந்திர ஆசிரியனும் அகாஷிக் ஏடுகளும்' எனலாம். அகாஷிக் என்பது நம் ஆகாயமே. ஆகாசம் என்ற வடசொல் ஐரோப்பியர் நாவில் புகுந்து பெற்ற வடிவம்.

நிகழ்ந்தவை யாவும் ஆகாயத்தில் பதிந்திருக்கின்றன, அகக்கண் திறந்தவர் அவற்றைப் படிக்கலாம் என்ற கருத்தைப் பரப்பியவர்கள் பிரம்மஞான சபையார். 1875இல் நியூயார்க்கில் தோன்றிய சபை 1882இல் சென்னை அடையாற்றுக்கு வந்தது. சபையைச் சேர்ந்த லெட்பீட்டர், ஞானதிருஷ்டி குறித்து 1899இல் வெளியிட்ட நூலில் இவ்வேடுகளைப் பற்றி எழுதினார். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் தாம் கண்ட சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் முற்பிறவிகளையும் இவ்வாறே படித்தறிந்ததாகச் சொன்னார். அதைச் சரிபார்க்கப் பிறருக்கு வழியேது? ஏடு சிலர் கண்ணுக்கு மட்டுமே தெரியுமாயின் மற்றவர் செய்யக்கூடியது நம்புவதொன்றே.

தொடரில் அவ்வேட்டைத் தேடி அலையும் கொடியோர் கூட்டத்தின் பெயர் 'விண்ணக ஞான ஆய்வுக் கழகம்' என்று பொருள்படும். தியோசபி என்ற கிரேக்கவழிச் சொல்லின் பொருளும் தெய்வ ஞானந்தான்! நாவலாசிரியர் எண்ணியே வைத்தாரோ, பழஞ்சொற்களின் மணத்துக்காக வைத்தாரோ, பொருத்தம் சுவையானது.

தற்காலிக ஆசிரியனாக வரும் கிளென், கரும்பலகையில் 'நீங்களே படியுங்கள்' என்று எழுதிவிட்டு உறங்குகிறான். கையுறையை எறிந்து போட்டிக்கு அழைக்கும் மாணவி சிஸ்டீனிடம் தோற்றும் வாக்கைக் காப்பாற்றுவதில்லை. மந்திரம் கொலைக்கே உதவும் என்கிறான்; கன்னத்தில் அறை வாங்குகிறான். அரசுக்காகக் கொலைபுரிந்து மனங்கசந்தவன் அவன் என்பது பின்னரே தெரியவருகிறது. (மாணவியரின் சீருடையை வரைந்தவர்களை மன்னிக்க நமக்கு மனம் வரவில்லை.)

அதன்பின் வரும் பாடமே தொடரின் உயிர். மாணவர் என்றோ கற்றுமுடித்த எளிய மின்னல் மந்திரத்தை எடுத்துக்கொள்கிறான். சொற்களை வேறிடத்தில் பிரித்து உச்சரித்தால் மின்னல் நேரே செல்லாமல் வளைகிறது. ஏன் என்கிறான். எண்ணற்ற மந்திரங்களை மனப்பாடம் செய்த வகுப்பு வாயடைத்திருக்கிறது. சொல் எவ்வாறு மனத்தில் வினைபுரிந்து மந்திரமாகிறது என்பதை அவன் விளக்கத் தொடங்கியதும் பிற வகுப்பாரும் வந்து நின்று கேட்கின்றனர். மறைபொருளாக அங்கே எதுவும் இல்லை. எவரும் செய்து பார்க்கலாம், பிழை காணலாம். 12 பகுதிகளிலும் அகாஷிக் ஏடு திறக்கப்படாதது நமக்குக் குறையாகத் தோன்றாததற்கு இந்தப் பாடமே காரணம்.

அடையாற்றுச் சிறுவனோ, தம்மை உலக ஆசானாக வரவேற்கத் திரண்டிருந்த விண்மீன் சங்கத்தை 1929 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஹாலந்தின் ஓம்மனில், அதன் உறுப்பினர் முன்னிலையிலேயே கலைத்தார்.